படலையில் கழற்றிய சப்பாத்து

நடப்பதென்றால் எனக்குப் பிடிக்காது. இருபது வருசம் நடந்தவள் சொல்கிறேன். அரசாங்கம் என்னை மருத்துவிச்சியாக எடுத்தது; மூதூருக்குத் தெற்கே, தோப்பூர்ப் பக்கத்தில் ஏழெட்டுச் சின்ன ஊர்களைப் பிரித்துத் தந்தது; அந்த ஊர்களுக்குப் போக றோட்டைத் தரவில்லை. வயல் வரம்பு, பற்றைக்காடு, வற்றிய வாய்க்கால், குதிக்கால் புதைகிற மணல். அவ்வளவுதான் என் பாதை. விடியற்காலை நடை உடம்புக்கு நல்லது என்று யாராவது இனிக்க இனிக்கக் கதைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கையில் மருந்துப் பெட்டி, மற்றக் கையில் குடை, சீலைக் கரையில் ஒரு சாண் சேறு. அதில் என்ன நல்லதைக் கண்டார்களோ தெரியாது.

வீடு திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. திங்கட்கிழமை விடிய லோஞ்சு ஏறி, குடாக் கடலைக் கடந்து மூதூருக்குப் போவேன். கிழமை முழுக்க அங்கே ஒரு வாத்தியார் வீட்டு அறையில் இருப்பு. சனிக்கிழமை பின்னேரம் திரும்ப லோஞ்சு. என் மனிசனுக்கு வீட்டிலிருந்து ஐந்து நிமிச நடையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. அவரிடம் இரண்டு சோடி தோல் சப்பாத்து இருந்தது, கறுப்பு ஒன்று, மண்ணிறம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முதல் குந்தியிருந்து இரண்டையும் மினுக்குவார். கதிரையில் இருக்கிறவருக்கு இரண்டு சோடி சப்பாத்து, காட்டில் நடக்கிறவளுக்கு றப்பர் செருப்பு.

"நீர் பாவிக்கிற பாவிப்புக்கு இரும்பில செய்தாலும் நிலைக்காது" என்பார்.

"ஒரு நாளைக்கு என்னோட வந்து நடந்து பாத்திட்டுக் கதையுங்கோ" என்பேன். ஒருநாளும் வந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துத்தான் போட்டேன். வெள்ளை உடுப்புக்கு வெள்ளைச் சப்பாத்து என்று சட்டம் வைத்தவன் மாரி காலத்தில் வயலுக்குள் இறங்கியிருக்க மாட்டான். இரண்டு மழைக்கு அடித்தோல் வாயைப் பிளந்துவிடும். வாத்தியார் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தேன். விடிய எடுத்துப் பார்த்தால் ஒட்டுப் பசை உருகி, சப்பாத்து வேறு, அடி வேறு. பிறகு றப்பர் செருப்பு. சேற்றில் அது கழன்று உள்ளே போய்விடும், கையை விட்டுத் தேட வேண்டும். வார் பிய்ந்தால் ஊசி குத்திக்கொண்டு நடப்பேன். லொறி டயரில் வெட்டிய செருப்பும் போட்டிருக்கிறேன். அது என் காலம் முடிந்தும் கிடக்கும். ஆனால் அதன் விளிம்பு காலை அறுக்கிற அறுவை சொல்லி முடியாது. இப்படியே ஒன்று மாறி ஒன்றாக, கால் பிய்ந்து, குதி வெடித்து, நாற்பது வயதைத் தாண்டினேன்.

அதற்குப் பிறகுதான் சீனி வருத்தம் வந்தது. தாகம், களைப்பு, உடம்பு மெலிவு. எல்லாம் நடையால் வருகிற களைப்பென்று நினைத்து ஒரு வருசம் சும்மா இருந்துவிட்டேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற வேலை செய்கிறவளுக்குத் தன் விசயத்தில் புத்தி இருக்கவில்லை. வலது கால் சின்னவிரலில் செருப்பு வார் உரசி ஒரு கொப்புளம் வந்தது. ஒரு கிழமையில் ஆற வேண்டியது மூன்று மாதம் எடுத்தது. திருகோணமலை ஆசுபத்திரியில் டொக்டர் என் காலை மடியில் வைத்தபடி கேட்டார்.

"ஊசியால தொடுறன். தெரியேக்க சொல்லுங்கோ."

நான் காத்துக்கொண்டிருந்தேன். "எப்ப தொடப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"நாலு இடத்தில குத்திப்போட்டன்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனை பேருடைய கால் புண்ணுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். உணர்ச்சி செத்த கால் என்ன ஆகும், முதலில் எது போகும், பிறகு எது போகும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. டொக்டரும் பூசி மெழுகவில்லை.

"இந்த முறை தப்பிட்டீங்கள் மிஸி. இன்னொரு காயம் வந்தா விரல் போகும். விரலோட நிக்குமெண்டு நான் சொல்ல மாட்டன். வெறுங்காலோட ஒரு அடி வைக்கக்கூடாது. செருப்பும் வேண்டாம். நல்ல மூடின சப்பாத்து, மொத்தமான அடி, உள்ளுக்குச் சொக்ஸ்."

"நடக்கிறதைக் குறைக்கலாமோ?"

"அது நீங்களும் உங்கட வேலையும் கதைச்சுத் தீர்க்கிற விசயம்."

பட்டினக் கிளினிக்கில் இருந்து வேலை செய்கிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அது மேலிடத்தில் ஆளுள்ள ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே போய்விட்டது. எனவே நடக்கத்தான் வேண்டும், காலையும் காப்பாற்ற வேண்டும். அன்றைக்கு லோஞ்சில் இருந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டு போனேன். அதுவரை நான் அதை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

சப்பாத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டுச் சாமான் வருவதை நிற்பாட்டியிருந்த காலம் அது. சீத்தைத் துணிக்கும் கியூ, பாணுக்கும் கியூ. பட்டினத்துக் கடைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சப்பாத்து இருந்தது. பெண்களுக்கென்று கூர்மூக்கோடு, குதி உயர்த்தி, கலியாண வீட்டுக்குப் போட்டுப்போகிற சாமான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்தால் முதல் பத்து யார் தூரத்திலேயே முறிந்து விழுந்திருப்பேன். மனிசன் தன்னுடைய மண்ணிறச் சோடியைத் தருகிறேன் என்றார், முன்னுக்குப் பஞ்சு அடைத்துப் போடலாமாம். அவர் அதைச் சொன்னபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவர் மாதிரி இருந்தார். வேண்டாம் என்றேன்.

உள் துறைமுகப் பக்கம் சோனகர் ஒருவர், முஸ்லிம் வியாபாரி, பழைய கப்பல் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். கயிறு, படங்கு, விளக்கு, தகரப் பெட்டி என்று கடை நிறைய அடைந்து கிடக்கும். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தது முக்கால்வாசி. அவரிடம் மரப்பெட்டி ஒன்றில் சப்பாத்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு நாள் லீவு எடுத்துப் போனேன். கணுக்கால் மூடுகிற, கயிறு கட்டுகிற கறுப்புச் சப்பாத்து. பாவிக்காதது. கொழுப்புப் பூசி, பழைய கடுதாசியில் சுற்றி வைத்திருந்தார்.

"இது சின்ன அளவு மிஸி. ஆம்பிளைகளுக்குக் காணாது. பொம்பிளைகள் இதைப் போட வெட்கப்படுவாங்க. அதுதான் இவ்வளவு காலமும் கிடக்கு" என்றார்.

"எனக்கு வெட்கமில்லை. எடுங்கோ, போட்டுப் பாப்பம்."

"இப்ப வேண்டாம். இப்ப காலமை. பின்னேரம் நாலு மணிக்கு வாங்க. நடந்து, களைச்சு, வீங்கின காலோட வாங்க. காலமை பொருந்துற சப்பாத்து பின்னேரம் கடிக்கும்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிசன் விசயம் தெரிந்தவர். பின்னேரம், கந்தோரில் கேட்டுக்கொண்டு வந்த மனிசனையும் கூட்டிக்கொண்டு போனேன். வியாபாரி சப்பாத்தை இரண்டு கையாலும் மடித்துக் காட்டினார். விரல் மடிகிற இடத்தில் மட்டும் மடிய வேண்டுமாம், நடுவில் மடிந்தால் அது சப்பாத்தில்லையாம். அடித்தோலில் ஒட்டு இல்லை, தையல்தான். நகத்தால் தையலைக் கிண்டிப் பார்த்தார். கையை உள்ளே விட்டு ஒவ்வொரு மூலையாகத் தடவச் சொன்னார், உள்ளே ஆணியோ முடிச்சோ முட்டுகிறதா என்று. எல்லாம் சரி. சொக்ஸைப் போட்டு, சப்பாத்தையும் போட்டு, கயிற்றைக் கட்டி எழும்பினேன்.

"கடிக்குதா மிஸி?"

"தெரியாது."

"எங்கயாவது இறுக்குதா?"

"எனக்குத் தெரியாது. கால் விறைச்சுப் போச்சு. கடிச்சாலும் தெரியாது."

 அவர் ஒரு மண்ணிறக் கடுதாசியை நிலத்தில் விரித்து, அதில் என்னை ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலால் என் காலைச் சுற்றிக் கோடு போட்டார். அதை வெட்டியெடுத்துச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்தார். முதல் சோடியில் கடுதாசி ஓரத்தில் மடிந்தது. இரண்டாவதிலும் மடிந்தது. மூன்றாவது சோடியில் மடியாமல் நேராகக் கிடந்தது; முன்னுக்கு ஒரு விரல் இடமும் இருந்தது. "கால் பொய் சொன்னாலும் கடுதாசி பொய் சொல்லாது" என்று சிரித்தார். எனக்கு அந்த மனிசனில் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அதோடு விட்டாரா? "ஏத்தத்தில ஏறி, இறக்கத்தில இறங்கிப் பாருங்க. இறக்கத்திலதான் விரல் முன்னுக்குப் போய் முட்டும்" என்றார். ஓர்ஸ் ஹில் சரிவில் நான் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடற்படைச் சப்பாத்தோடு மேலும் கீழுமாக நாலு தரம் நடந்தேன். கந்தோர் விடுகிற நேரம். மனிசனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த வழியால்தான் வந்தார்கள். அவர் தெருவின் மற்றக் கரைக்குப் போய், என்னைத் தெரியாதவர் மாதிரி துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடந்து முடித்துக் கழற்றிக் காலைப் பார்த்தேன். எந்த இடத்திலும் சிவப்பு இல்லை. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சப்பாத்துக்காகக் கண் கலங்கியவள் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் மாதம் நான் ராசாத்தி மாதிரி நடந்தேன். முள்ளா, மிதித்தேன். சேறா, இறங்கினேன். பின்னேரத்தில் கழற்றி, துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, நிழலில் வைப்பேன். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே இல்லை, அந்தப் பாடம் படித்தாயிற்று. போகிற ஊரெல்லாம் பகிடி. "மிஸி பட்டாளத்தில சேந்திட்டாவோ?" என்று பெண்கள் வேலிக்கு மேலால் கேட்பார்கள். "ஓம், உங்களைத்தான் முதல்ல பிடிச்சுக்கொண்டு போகப்போறன்" என்பேன்.

பிரச்சினை வழியில் இருக்கவில்லை. வீடுகளில்தான் இருந்தது.

ஒரு ஊரில் பன்னிரண்டு, பதினைந்து வீடு பார்க்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, பெற்றவள் ஒருத்தி, நிறை குறைந்த பிள்ளை ஒன்று என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இருக்கும். எங்கள் ஆட்கள் யாரும் செருப்போடு வீட்டுக்குள் ஏற மாட்டார்கள். நான் அதிலும் ஒரு படி கூட. வீட்டு வாசலில் இல்லை, படலையிலேயே, அதுதான் வேலியில் தடியால் கட்டி வைத்திருக்கிற வாயிலிலேயே, கழற்றிவிட்டுத்தான் முற்றத்தில் கால் வைப்பேன். முற்றத்தில் நெல் காயும், பாயில் பிள்ளை கிடக்கும். நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள். போகிற வீடுகள் பாதி சைவம், பாதி இஸ்லாம். வேதக்காரி சப்பாத்துக் காலோடு எங்கள் முற்றத்தை மிதித்தாள் என்று ஒரு சொல் ஒருவர் வாயிலும் வரக்கூடாது என்பது என்னுடைய வைராக்கியம். றப்பர் செருப்புக் காலத்தில் அது ஒரு பெரிய விசயமே இல்லை, உதறிவிட்டுப் போய்விடலாம். இந்தச் சப்பாத்துக்கு ஒரு காலுக்கு எட்டு ஓட்டை. குனிந்து கயிற்றை அவிழ்த்து, இழுத்து, சொக்ஸையும் கழற்றி, உள்ளே போய், வேலை முடித்து வந்து, திரும்ப எல்லாம் போட்டுக் கட்டி நிமிர்ந்தால் அடுத்த படலை இருபது யார் தூரத்தில் நிற்கும். பதினைந்து வீட்டுக்கு முப்பது தரம் குனிந்து நிமிர வேண்டும். இடுப்பு இருந்த இடத்தில் இருந்ததா என்று தெரியாது. எரிச்சலில் அழுகை வரும்.

கயிற்றைத் தளர்த்திக் கட்டிப் பார்த்தேன். குதி மேலும் கீழும் போய்த் தோல் சிவந்தது. அதைப் பார்த்துப் பயந்து அந்த வேலையை விட்டேன். பிறகு ஒரு சுருக்கு வழி பிடித்தேன். ஊருக்குள் நுழைகிற முதல் வீட்டுப் படலையில் சப்பாத்தைக் கழற்றி வைப்பது. முழு ஊரையும் வெறுங்காலோடு பார்த்து முடிப்பது. திரும்பி வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட ஆளில்லை என்பதால் களவு பயமும் இல்லை. முள்ளும் கல்லும் காட்டுப் பாதையில்தானே, வீட்டுப் பக்கம் கூட்டிப் பெருக்கின மணல்தானே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் சொன்னது காட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

மாதம் ஒருக்கால் அவரிடம் போவேன். "சப்பாத்துப் போடுறீங்களோ மிஸி?" என்று கேட்பார்.

"ஓம் டொக்டர், ஒவ்வொரு நாளும்."

பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் போட்டேன். கழற்றுகிற கதையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் சந்தோசப்பட்டு மற்ற நோயாளிகளுக்கும் என்னைக் காட்டிச் சொல்வார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற ஒரு நாள். மத்தியானம் இருக்கும். ஒரு சோனக ஊரில் ஐந்தாவது வீட்டில் குழந்தை ஒன்றுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரின் மற்றக் கோடியிலிருந்து ஒரு பெண் தலைத்துணி நழுவ ஓடிவந்தாள்.

"மிஸி, கெதியா வாங்க. மச்சிக்கு வலி வந்திட்டு. தண்ணிக்குடமும் உடைஞ்ச."

அந்த மச்சியை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயது, இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை பிறந்தபோது இவளுக்கு ரத்தம் நிறையப் போய், மூதூருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியது. இந்த முறையும் அப்படி ஆகுமோ என்று ஏழாம் மாதத்திலிருந்து எனக்கு மனதுக்குள் பயம் இருந்தது. சப்பாத்து ஊரின் இந்தக் கோடியில், முதல் வீட்டுப் படலையில் இருந்தது. போய் எடுத்துப் பதினாறு ஓட்டையிலும் கயிறு கோத்துக்கொண்டிருக்க நேரமில்லை. பெட்டியைத் தூக்கினேன். அந்தப் பெண் வீடுகளின் பின்பக்கத்தால் குறுக்கு வழியில் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். களப்பு மட்டி அவித்துத் தின்றவர்கள் கூரான கோதுகளை எல்லாம் வேலி ஓரத்தில்தான் கொட்டியிருந்தார்கள். அதன் மேலால்தான் ஓடியிருக்கிறேன். சத்தம் கேட்டது, கரகரவென்று. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண் குழந்தை, பிறந்த உடனே நல்ல சத்தமாக அழுதது. கொடியை வெட்டினேன், மாசு, பிள்ளைக்குப் பின்னால் வருகிற நஞ்சுக்கொடி, விழுந்தது, எல்லாம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தேன். அப்பாடா என்று பெட்டியைத் திறக்கத் திரும்பியபோது அவளுடைய மாமியார் கத்தினார்.

"யா அல்லா! ரத்தம், மிஸி, ரத்தம்!"

சீமெந்துத் தரை முழுக்கச் சிவப்பு. பாயடியிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை, சட்டியிலிருந்து கதவு வரை.  திரும்பவும் வந்துவிட்டது, இந்த முறை இவளை விட்டுவிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அடிவயிற்றை அமத்திப் பார்த்தேன்; கல்லு மாதிரி இறுக்கமாக, இருக்க வேண்டியபடி இருந்தது. துணியைப் பார்த்தேன், அளவான ரத்தம்தான். ஆனால் தரையில் சிவப்புக் கூடிக்கொண்டே போனது. எங்கேயிருந்து வருகிறது என்று விளங்காமல் விசர் பிடித்தவள் மாதிரி அவளை அப்படியும் இப்படியும் புரட்டினேன்.

"வண்டில் கட்டச் சொல்லுங்கோ! மூதூருக்குக் கொண்டுபோகவேணும், ஓடுங்கோ!"

"எனக்கு ஒண்ணுமில்ல மிஸி. நான் நல்லாத்தான் இருக்கன்" என்றாள் அந்தப் பிள்ளை.

"வாயை மூடிக்கொண்டு படு!" என்று அதட்டினேன். அவள் பாயில் தலையைச் சரித்துப் படுத்தாள். அவளுடைய கண்கள் தரை மட்டத்தில் இருந்தன. நாங்கள் ஒருவரும் காணாததை அவள் கண்டாள்.

"மிஸி, உங்கட காலு."

குனிந்து பார்த்தேன். வலது பெருவிரலின் அடியில் மட்டிக் கோது ஒன்று பாதிக்கு மேல் உள்ளே இறங்கியிருந்தது. அதோடுதான் அவ்வளவு நேரமும் அந்த அறைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்திருக்கிறேன். வேறு யாருடையவோ காலிலிருந்து எடுக்கிறவள் மாதிரி அதைப் பிடித்து இழுத்தேன். நோகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோசம். பெற்றவளுக்கு ஒன்றுமில்லை, இது என்னுடைய ரத்தம்தான் என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அந்தச் சந்தோசம் ஒரு நிமிசம் இருந்திருக்கும். பிறகு சுவரோடு சாய்ந்து தரையில் இருந்துவிட்டேன். 

அவளுக்கென்று கட்டின மாட்டு வண்டிலில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் எனக்கே மருந்து கட்டினேன், மூதூரில் கட்டினார்கள், திருகோணமலையில் கட்டினார்கள். ஐந்தாம் நாள் கால் கறுத்தது. முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பத்து நாளில் அதற்குப் பக்கத்து இரண்டும் போயின. பிறகு டொக்டர் ஒரு காலமை வந்து கட்டிலில் இருந்து, பாதத்தின் முன்பாதியை எடுத்தால்தான் காலைக் காப்பாற்றலாம் என்றார். சரி என்றேன். சப்பாத்து எங்கே போனது என்று அவர் கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன், முதல் வீட்டுப் படலையில் என்று. நல்ல மனிசன், கோபம் வந்து எழும்பிவிட்டார். "பின்ன என்னத்துக்கு அந்தப் பாடுபட்டுச் சப்பாத்து வாங்கினீங்கள்?" என்று வார்டுக்கே கேட்கக் கத்தினார். எனக்கு அதற்குப் பதில் இருந்தது. மற்றவர்களின் வீட்டுக்குச் சப்பாத்தோடு போக ஏலாதே டொக்டர் என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இத்தனைக்கும் நான் அழவில்லை. மனிசன் கட்டிலின் காலடியில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நீங்கள் இப்ப ஏன் அழுறீங்கள், போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அவரைக் கலைத்தேன். செய்யத்தக்கதைச் செய்தேன், முறையாக நடந்தேன், அதற்கு ஒரு விலை வந்தது என்று மனதை ஆற்றி வைத்திருந்தேன். அதில் ஒரு தெம்பு இருந்தது.

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்த பிறகு அந்தப் பிள்ளை குழந்தையையும் தூக்கிக்கொண்டு, மாமியாரோடு லோஞ்சில் என்னைப் பார்க்க வந்தாள். நான் இன்னும் வார்டில்தான். இரண்டு பேரும் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்கள். பிறகு பிள்ளை கேட்டாள்.

"அண்டைக்கு ஏன் மிஸி சப்பாத்துப் போடாம வந்த?"

"உங்கட வீட்டுக்குள்ள எப்பிடி மகள் சப்பாத்தோட வாறது?"

மாமியார் என்னை விளங்காதவராகப் பார்த்தார். "ஆரு மிஸி உங்கள கழட்டச் சொன்ன? புள்ள பெறுகிற நேரம் மிஸி சப்பாத்தோட வந்தா என்ன, குதிரையோட வந்தா என்ன? நீங்க வாறதுதானே எங்களுக்கு வேணும்."

நான் வாயைத் திறந்தேன், பதில் சொல்ல. யார் சொன்னது என்று தேடினேன். தோப்பூர்ப் பக்கத்தில் இருபது வருசமாக நான் ஏறி இறங்கிய வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சைவ வீடுகளைப் பார்த்தேன், சோனக வீடுகளைப் பார்த்தேன். முகம் சுளித்தவர் ஒருவராவது வேண்டும் எனக்கு. ஒரு கிழவி, ஒரு சொல், ஒரு பார்வை. ஒருவரும் இல்லை. யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப நீங்கள் சொல்லியிருக்கலாமே!" என்று அந்த மனிசியைப் பார்த்துக் கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கழட்டாமல் வாங்கோ எண்டு ஒரு வார்த்தை! இருபது வருசத்தில ஒருத்தருக்கும் வாய் வரேல்லையோ?"

அவர் பயந்து ஓர் அடி பின்னால் போனார்.

"நாங்க எப்பிடி மிஸி சொல்லுற? நீங்க படிச்ச ஆள். படலையிலேயே கழட்டிப்போட்டு வருவீங்க. உங்களுக்கு அப்பிடி வாறதுதான் விருப்பம் எண்டு நாங்க எல்லாரும் நினைச்ச."

 அப்போதுதான் அழுதேன். விரல்களை எடுத்தபோது வராத அழுகை முழுக்க அன்றைக்கு வந்தது, அந்த இரண்டு பேருக்கும் முன்னால், மூக்கு ஒழுக. மாமியார் தன் தலைத்துணியின் நுனியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, நான் என்ன பிழை சொன்னேன், நான் என்ன பிழை சொன்னேன் என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அழுது முடிந்ததும் குழந்தையைத் தரச் சொன்னேன். கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தேன். நிறை காணாது. ஆறு கிழமைப் பிள்ளைக்கு இது போதாது. பால் எத்தனை தரம் கொடுக்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள். இனிமேல் என்னால் வந்து பார்க்க ஏலாது, மூதூருக்குக் கொண்டுபோய்க் காட்டு என்றேன்.